வெண்டையின் மஞ்சள் நரம்பும் வெள்ளை ஈயும்

(பள்ளித் தோட்டக் குழு மாணவிகள்)

வாரச் சந்தையில் வெண்டைக்காய் வாங்கும் நம் தாய்மார்கள் முதலில் அதன் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். படக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்து கொடுத்தால் முற்றல். இந்தச் சோதனையை அறியாத பெண் நம் ஊரில் இருக்க முடியாது. ஆனால் பங்குனி, சித்திரை மாதங்களில் கூடையின் ஓரத்தில் இன்னொரு வகைக் காயும் கிடக்கும். வெளிறிய மஞ்சள் நிறம், குட்டை உருவம், சற்றே கோணல். அதை யாரும் ஒடித்துப் பார்ப்பதில்லை. பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கி விடுகிறார்கள். விற்கும் அம்மாளும் அதற்காகப் பேரம் பேசுவதில்லை.

அந்தக் காய் ஏன் மஞ்சளாயிற்று? வெயிலாலா, எருக் குறைவாலா, விதை சரியில்லாததாலா? இம்மூன்றும் நாங்கள் கேட்டு அறிந்த விடைகள். மூன்றுமே சரியல்ல. அது ஒரு நோய். மஞ்சள் நரம்புத் தேமல் நோய் என்று வேளாண் நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. 'மஞ்சள் அடிச்சிடுச்சு' என்று நெடுங்காட்டுப் பக்கத்து விவசாயிகள் சுருக்கமாகச் சொல்கிறார்கள். இந்நோயைச் செடிக்குச் செடி சுமந்து செல்வது சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு பூச்சி. அந்தப் பூச்சியையும் அதன் வேலையையும் பற்றி எங்கள் குழுவினர் படித்தும் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நோயை அடையாளம் காண்போம். வெண்டை இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நோய் கண்ட இலையில் நரம்புகள் எல்லாம் பளிச்சென்று மஞ்சளாகி, வலை விரித்தாற்போலத் தெரியும். நரம்புகளுக்கு இடையே உள்ள பகுதி மட்டும் சிறுசிறு பச்சைத் தீவுகளாக நிற்கும். நோய் முற்றினால் அத்தீவுகளும் மறைந்து இலை முழுவதும் மஞ்சளாகும், பின்னர் வெளுத்தும் போகும். இரும்புச் சத்துக் குறைந்த செடியில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. அங்கே நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்து விடும். நோயைச் சத்துக் குறைவு என்று எண்ணி யூரியாவைக் கூட்டி வைப்பவர்கள் இன்றும் பலர். அதனால் இலை மேலும் கொழுத்து, பூச்சிக்குத்தான் விருந்தாகிறது.

இதில் நட்டம் எவ்வளவு என்று கேட்டால், அது செடியின் வயதைப் பொறுத்தது. 1974-ஆம் ஆண்டு இந்திய விஞ்ஞானிகள் இருவர் வெளியிட்ட கணக்கு ஒன்று இன்றும் பாடநூல்களில் எடுத்துச் சொல்லப்படுகிறது. முளைத்த 35 நாளுக்குள் நோய் பிடித்தால் விளைச்சலில் 94 விழுக்காடு போய்விடுகிறது. 50-ஆம் நாளில் பிடித்தால் 84 விழுக்காடு, 65-ஆம் நாளில் பிடித்தால் 49 விழுக்காடு. இந்த மூன்று எண்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நாம் சொல்லப்போவது அனைத்தும் இவற்றிலிருந்தே பிறக்கிறது.

நம் காரைக்கால் நெல் விளையும் பூமி. அரசலாறும் நாட்டாறும் வாஞ்சியாறும் பாயும் இந்தக் கடைமடையில் காய்கறிக்கு என்று ஒதுக்கிய நிலம் குறைவு. ஆற்றங்கரை மேட்டிலும், கடலோர மணற்பாங்கிலும், வீட்டுக் கொல்லையிலும், பத்துக் குழி இருபது குழி என்று பயிரிடுகிறார்கள். பெரும்பாலும் அது பெண்களின் உழைப்பு. ஒன்றுவிட்டு ஒருநாள் காய் பறித்து விற்கும் பணம்தான் பல வீடுகளில் நோட்டுப் புத்தகத்துக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் ஆகிறது. வெண்டை முதல் பறிப்புக்கு வர ஏறக்குறைய 45 நாள் ஆகும். அதற்கு முன்பே நோய் பிடித்து விட்டால் அந்தத் தாய் எதைப் பறிப்பாள்?

நோய்க்குக் காரணம் என்ன? நச்சுயிரி எனப்படும் வைரஸ். இந்நோய் நம் நாட்டில் 1924-ஆம் ஆண்டில் அன்றைய பம்பாய் மாகாணத்தில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. வைரஸால் வருவதே என்று உறுதி செய்து அதற்கு மஞ்சள் நரம்புத் தேமல் என்று பெயரிட்டவர்களும் அம்மாகாணத்து விஞ்ஞானிகளே, அது 1940-இல். வெள்ளை ஈயே அதைப் பரப்புகிறது என்பது அதற்குப் பின்னர்த் தெளிவாயிற்று.

இந்த வைரஸின் உருவம் விந்தையானது. இரண்டு உருண்டைகளை ஒட்டி வைத்தது போல, இரட்டையாக இருக்கும். நீளம் சுமார் 30 நானோமீட்டர். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வைரஸ்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். அவ்வளவு சிறியது தனியாகவும் வேலை செய்வதில்லை என்று கண்டுபிடித்தது நம் மதுரை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாய்ஸ் ஜோஸ், ஆர். உஷா என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 2003-இல் தங்கள் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். வைரஸை மட்டும் செடிக்குள் செலுத்தியபோது இலை இலேசாகச் சுருண்டதே தவிர மஞ்சள் நரம்பு தோன்றவில்லை. அதோடு ஒட்டி வாழும் மிகச்சிறு மரபணுத் துண்டு ஒன்றையும் சேர்த்துச் செலுத்தியபோதுதான் நோய் முழு வடிவில் வெளிப்பட்டது. பெரிய திருடனுக்குத் துணையாக வரும் சிறிய திருடன் என்று எங்கள் குழுவில் ஒருத்தி அதற்கு விளக்கம் சொன்னாள். துணைக்கோள் என்பதே அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர்.

அதே 2003-ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு செய்தி இதைவிடச் சுவையானது. ஜப்பான் நாட்டின் பழைய கவிதைத் தொகுப்பான மன்யோஷூவில், கோகென் என்ற பேரரசி கி.பி. 752-இல் பாடியதாக ஒரு சிறு கவிதை இருக்கிறது. கோடைகாலத்திலேயே ஒரு செடியின் இலை மஞ்சளாகி நிற்பதைக் கண்டு பாடியது அது. கவிஞர்களின் கண்ணுக்கு இலையுதிர்காலம் முந்தி வந்ததாகத் தோன்றியிருக்கலாம். விஞ்ஞானிகளோ அந்தச் செடியின் வகையை ஆராய்ந்து, மஞ்சளுக்குக் காரணம் வெள்ளை ஈ பரப்பும் வைரஸும் அதன் துணைக்கோளுமே என்று காட்டினார்கள். உலகில் எழுத்தில் பதிவான மிகப் பழைய தாவர வைரஸ் நோய் என்று அது கருதப்படுகிறது. ஒரு பேரரசி பார்த்ததும் நம் கொல்லையில் பாட்டி பார்ப்பதும் ஏறக்குறைய ஒரே காட்சிதான்.

இனி வெள்ளை ஈயிடம் வருவோம். பெயரில் ஈ இருந்தாலும் அது ஈ இனத்தைச் சேர்ந்தது அன்று. அசுவினி, தத்துப்பூச்சி ஆகியவற்றின் உறவு. உறிஞ்சிக் குடிக்கும் சாதி. 1889-இல் கிரேக்க நாட்டில் புகையிலைச் செடியில் கண்டு முதன்முதலில் விவரித்தார்கள். இன்று வெப்ப நாடுகள் எங்கும் நிறைந்திருக்கிறது. இலையின் அடிப்பக்கத்தில்தான் அதன் வீடு. செடியை இலேசாகத் தட்டினால் வெண்துகள் போலக் கிளம்பி, ஒரு கணம் சுழன்று, மீண்டும் இலைக்கு அடியிலேயே போய் அமரும். காலை வேளையில் இலையை மெதுவாகத் திருப்பி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் முட்டை, குஞ்சு, கூட்டுப்புழு, ஈ ஆகிய எல்லாவற்றையும் ஒரே இலையில் காணலாம். குஞ்சு பிறந்ததும் சிறிது தூரம் ஊர்ந்து, நல்ல இடம் பார்த்து அலகைக் குத்தி உட்கார்ந்தால் அப்புறம் நகர்வதே இல்லை. நம் ஊர் வெப்பத்தில் முட்டை ஈயாவதற்குச் சுமார் மூன்று வாரம் போதும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடக்கூடியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடிபட்டுக் குறைந்து விடும். மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் பெருகும்.

மாசியில் நம் பகுதியில் இன்னொன்றும் நடக்கிறது. சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் வயலில் உளுந்தும் பயறும் நிற்கின்றன. உளுந்தில் வரும் மஞ்சள் தேமல் நோயையும் பரப்புவது இதே வெள்ளை ஈதான். ஆகவே உளுந்து நோய் வெண்டைக்குத் தொற்றிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. உளுந்தின் வைரஸ் வேறு, வெண்டையின் வைரஸ் வேறு. வண்டி ஒன்று, பயணிகள் இருவர். ஆனாலும் உளுந்து முற்றிக் காயும்போது வயலில் இருந்த ஈ பச்சை தேடிப் பறந்து காய்கறிக்கு வரும் என்பதை மறக்கக் கூடாது. வண்டிகள் கூடினால் பயணம் கூடத்தானே செய்யும்!

பூச்சி எவ்வாறு வைரஸைச் சுமக்கிறது என்பதே இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி. எனவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

வெள்ளை ஈ தன் ஊசி போன்ற அலகை இலையின் அடியில் குத்தி, சாறு ஓடும் குழாயைத் தேடிக் கண்டுபிடித்துக் குடிக்கிறது. அதற்கே பல நிமிடம் ஆகும். நோய்ச் செடியின் சாற்றோடு உள்ளே போன வைரஸ் குடலைக் கடந்து, உடல் நீரில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்தாக வேண்டும். இதற்குச் சில மணி நேரம் செல்லும். அதுவரை அந்த ஈயால் நோயைக் கொடுக்க முடியாது. கொடுக்கும் நிலையை அடைந்த பிறகோ, பெரும்பாலும் சாகும் வரை அது நோய் சுமக்கும் ஈதான். நல்ல செடியில் உட்கார்ந்து சாறு குடிக்கும்போதெல்லாம் உமிழ்நீரோடு வைரஸை இறக்குகிறது. (இந்த வேலையில் ஆண் ஈயைவிடப் பெண் ஈ வல்லமை உடையது என்பது ஆய்வில் கண்ட உண்மை. இதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை.)

அசுவினியின் வழி முற்றிலும் வேறு. பூசணி, மிளகாய், பப்பாளி ஆகியவற்றில் தேமல் நோய்களைப் பரப்பும் அசுவினி, ஒரு செடியில் இறங்கியதும் 'இது நமக்கு ஏற்றதா' என்று மேல்தோலில் அலகை வைத்துச் சுவை பார்க்கும். சில நொடிகளே ஆகும் அந்தச் சுவை பார்த்தலிலேயே வைரஸ் அலகின் நுனியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியில் சுவை பார்க்கும்போது அங்கே சேர்ந்து விடும். ஓரிரு முறை குத்தியதும் அலகு துடைத்தது போல ஆகிவிடும். மீண்டும் நோய்ச் செடிக்குப் போனால்தான் மறுபடி சுமக்கும். இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எவ்வளவு கடுமையான பூச்சிமருந்து அடித்தாலும் அந்த மருந்து அசுவினியைக் கொல்லச் சில நிமிடமாவது ஆகாதா? அதற்குள் அது நோயைக் கொடுத்து முடித்திருக்கும். சில மருந்துகள் பட்டதும் அசுவினி அமைதியிழந்து செடிக்குச் செடி தாவுவதால் நோய் கூடுவதும் உண்டு. ஆகவே பூசணித் தேமலுக்கு மருந்து அடிப்பது பணத்தைக் கரைப்பதே ஆகும்.

தக்காளியில் நுனி கருகும் நோயைக் கொண்டுவரும் இலைப்பேனுக்கு மற்றொரு வழக்கம். குஞ்சாக இருக்கும்போது நோய்ச் செடியில் தின்றால்தான் பின்னாளில் அதனால் நோயைப் பரப்ப முடியும். வளர்ந்த பின் தின்றால் ஒன்றும் ஆவதில்லை. ஒவ்வொரு பூச்சிக்கும் ஒவ்வொரு முறை. 'வைரஸ் நோய்க்கு மருந்து கொடுங்கள்' என்று கடையில் கேட்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பது இதிலிருந்து விளங்கும்.

உண்மையில் செடிக்குள் புகுந்த வைரஸை அழிக்கும் மருந்து எதுவும் விவசாயிகளுக்கு இல்லை. நோய் பிடித்த செடி நோய்ச் செடியாகவே இருந்து சாகும். பூச்சி குத்திய பிறகு நோய் வெளியே தெரிய 10 முதல் 20 நாள் வரை ஆகிறது. முப்பதாம் நாளில் மஞ்சள் இலையைப் பார்க்கிறோம் என்றால், அச்செடி இரண்டு மூன்று இலையோடு நின்ற நாளிலேயே குத்துப்பட்டு விட்டது என்று பொருள். அப்போது நாம் செடியின் பக்கமே போயிருக்க மாட்டோம். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். வெண்டைக்கு அந்த அணை முதல் 35, 40 நாட்களுக்குள் போடப்பட வேண்டும்.

நடப்பதோ வேறு. மஞ்சளைக் கண்டதும் பதறி, கடைக்காரர் கொடுக்கும் மருந்தை வாரம் இருமுறை அடிக்கிறார்கள். காய்ப்புக் காலத்தில் அடிக்கிறார்கள். காலையில் அடித்து மறுநாள் பறிக்கிறார்கள். பறிக்கும் விரல்கள் ஒரு தாயின் விரல்கள், தின்னும் வாய் ஒரு குழந்தையின் வாய். சில வகை மருந்துகள், குறிப்பாகச் செயற்கைப் பைரித்திராய்டு வகைகள், வெள்ளை ஈயைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கியும் விடுகின்றன. வெள்ளை ஈயைத் தின்னும் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி, அதன் குஞ்சுக்குள் முட்டையிட்டு வாழும் மிகச்சிறு குளவி ஆகிய அனைத்தும் முதலில் மடிந்துபோவதே அதற்குக் காரணம். இலைக்கு அடியில் ஒளிந்த ஈ தப்பி, எதிரியே இல்லாத வயலில் குடும்பம் பெருக்குகிறது.

மோனோகுரோட்டோபாஸ் என்ற மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த மத்திய அரசு 2005-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. அம்மருந்தின் கொடுமையை நாடு அறிந்தது 2013-இல். அவ்வாண்டு ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. நம் வயதுக்கும் இளைய பிள்ளைகள் அவர்கள். காலியான மருந்துப் புட்டியைக் கழுவி எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்கும் வழக்கம் எந்த வீட்டிலாவது இருந்தால், இந்தக் கட்டுரையைப் படிக்கும் மகள் இன்றே அதை உடைத்துப் புதைக்கச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் என்னதான் செய்வது? நாங்கள் அறிந்த வரையில், எளிதானதும் மலிவானதும் பலரும் செய்யாததும் ஒன்றே. முதலில் மஞ்சளாகும் செடியை அன்றே பிடுங்கி விடுவது.

சொல்ல எளிது. மனம் வராது. 'இன்னும் நாலு காய் காய்க்குமே பாப்பா, பிடுங்கச் சொல்லுதியே' என்று நாங்கள் சந்தித்த ஒரு பாட்டி கேட்டார்கள். அவர்களுடைய தோட்டத்தில் அன்று மூன்று செடிகளே மஞ்சளாக இருந்தன. அந்த நாலு காய்க்காக நிற்கும் செடி, சுற்றியுள்ள நல்ல செடிகளுக்கு நோய் வழங்கும் களஞ்சியமாக நிற்கிறது. ஈ எத்தனை இருந்தாலும் நோய்ச் செடி அருகில் இல்லாவிட்டால் அது எதைச் சுமக்கும்? பிடுங்குவதிலும் ஒரு முறை உண்டு. வெயில் ஏறிய பின் பிடுங்கினால் அதிலுள்ள ஈ அனைத்தும் எழும்பிப் பக்கத்துச் செடிக்குப் போய்விடும். விடியற்காலையில், பனி ஈரத்தில் ஈ மந்தமாக இருக்கும் நேரத்தில், ஒரு சாக்கையோ பெரிய பையையோ செடியின் மேல் மெதுவாகக் கவிழ்த்து, வேரோடு பிடுங்கி, பையோடு எடுத்துப் போய்ப் புதைக்க வேண்டும். வரப்பில் போட்டு வைக்கக் கூடாது. முதல் நாற்பது நாளும் தினம் ஒருமுறை செடிகளைச் சுற்றி வந்தால் போதும். ஆனால் வயலில் பாதிச் செடிகள் மஞ்சளான பிறகு பிடுங்குவதில் பயனில்லை. அப்போது கிடைத்த காயைப் பறித்துக்கொண்டு, பயிரை விரைவில் முடித்து, தண்டுகளை அழித்து, அடுத்த வெண்டையை அதே இடத்தில் உடனே போடாதிருப்பதே அறிவுடைமை.

களையிலும் கவனம் வேண்டும். வரப்போரத்தில் தானாக முளைக்கும் துத்தி, மணத்தக்காளி போன்றவற்றில் வெள்ளை ஈ சுகமாக வாழும். மூலிகை என்று நாம் மதிக்கும் செடிகள்தாம். வெண்டைப் பாத்திக்குப் பக்கத்தில் மட்டும் அவை வேண்டாம் என்கிறோம்.

வேலிப்பயிர் என்பது கேட்க வியப்பானது. வெண்டையைச் சுற்றி இரண்டு வரிசை சோளமோ மக்காச்சோளமோ கம்போ, இரண்டு மூன்று வாரம் முன்பே விதைத்து விட வேண்டும். வெண்டை முளைக்கும்போது அது இடுப்பளவு வளர்ந்து நிற்கும். காற்றோடு தாழப் பறந்து வரும் ஈயில் ஒரு பகுதியை அது தடுக்கிறது. பூசணி, மிளகாய்த் தோட்டத்தில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. வெளியிலிருந்து வரும் அசுவினி முதலில் சோளத்தில் இறங்கிச் சுவை பார்க்கும். அலகு நுனியில் இருந்த வைரஸ் அங்கேயே இறங்கிவிடும். சோளத்துக்கு அந்த வைரஸால் தீங்கில்லை. துடைத்த அலகோடு மிளகாய்க்கு வரும் அசுவினி வெறும் அசுவினி. மருந்தால் முடியாததை ஒரு சோள வரிசை செய்கிறது.

மிளகாய், தக்காளி, கத்தரி போன்ற நாற்றுவிட்டு நடும் பயிர்களுக்கு, நாற்றங்காலை ஓர் அங்குலத்துக்கு 50 கண் கொண்ட நைலான் வலையால் மூடி வளர்க்கலாம். தக்காளி இலைச்சுருளையும் மிளகாய் இலைச்சுருளையும் தருவது இதே வெள்ளை ஈ ஆகையால், இளம் பருவத்தைக் காப்பாற்றிவிட்டால் பெரும்பகுதி வென்றதாகும். கொசுவலைத் துணி போதாது. அதன் கண் பெரியது. வெண்டையை நேரே விதைப்பதால் அதற்கு இவ்வசதி இல்லை. மருந்து நேர்த்தி செய்து நிறமேற்றிய வெண்டை விதை கடைகளில் கிடைக்கிறது. அது முதல் சில வாரங்களுக்குச் செடியின் சாற்றிலேயே பாதுகாப்புத் தருகிறது. பின்னால் பத்துமுறை தெளிப்பதை விட இது குறைந்த தீங்குடையது என்பது எங்கள் கருத்து. மீந்த விதையைக் குழந்தைகளுக்கும் கோழிகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

மஞ்சள் நிறத்தைக் கண்டால் வெள்ளை ஈ விரும்பி வரும். பழைய தகர டப்பாவுக்கு மஞ்சள் வண்ணம் பூசி, மேலே விளக்கெண்ணெய் தடவி, ஒரு குச்சியில் செடியின் உச்சிக்குச் சற்று மேலே கவிழ்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஏக்கருக்கு 5 என்று வேளாண் துறையினர் சொல்வார்கள். பள்ளித் தோட்டத்தில் நாங்கள் இரண்டு வைத்திருக்கிறோம். ஈ முழுவதையும் இது பிடித்துவிடும் என்று நம்ப வேண்டாம். எங்கள் அனுபவத்தில் இது எண்ணிப் பார்க்கும் கருவி. நேற்று மூன்று, இன்று முப்பது என்றால் விழித்துக்கொள்ள வேண்டிய நாள் வந்துவிட்டது. நன்மை செய்யும் பூச்சிகளும் சில ஒட்டி மாள்வதைப் பார்க்கச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

அந்த நாளில் தெளிக்க வேப்பங்கொட்டைச் சாறு நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுவதும் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் தெளிக்க வேண்டும். ஈ உடனே விழுந்து சாகாது. குஞ்சு வளர்வதும் முட்டை இடுவதும் தடைப்படும். இலைக்கு அடியில் படும்படி, தெளிப்பானின் முனையை மேல்நோக்கித் திருப்பித் தெளிக்க வேண்டும் என்பதே முக்கியம். மேலே மட்டும் நனைத்தால் குடைக்குள் இருப்பவர் மீது தண்ணீர் ஊற்றியது போலாகும். நம் பாட்டிமார் தூவும் அடுப்புச் சாம்பலுக்கும் இதே குறைதான். ஆனி, ஆடியில் மரத்தடியில் வேப்பம் பழம் கொட்டிக் கிடக்கும். அப்போதே பொறுக்கி, சதை கழுவி, நிழலில் உலர்த்தி வைத்தால் மாசிக்கு உதவும்.

நோயைத் தாங்கும் ரகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1960-ஐ ஒட்டி வெளியிட்ட பூசா சவானி என்ற வெண்டை, மேற்கு வங்கத்து ரகம் ஒன்றின் தாங்குதிறனைப் பெற்றுப் பிறந்தது. நாடு முழுவதும் பரவியது. சில ஆண்டுகள் சென்றபின் அதிலும் மஞ்சள் தோன்றிவிட்டது. பின்னர்க் காட்டு வெண்டை இனங்களோடு ஒட்டுச்சேர்த்து, மராட்டிய மாநிலத்துப் பர்பானியில் பர்பானி கிராந்தியும், பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் அர்கா அனாமிகாவும் உருவாயின. இவையும் இப்போது எல்லா ஊரிலும் முன்போல் தாங்குவதில்லை. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே விதை உறையில் 'நோய் எதிர்ப்பு' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு முதல் மஞ்சள் செடியைப் பிடுங்காமல் இருந்துவிட முடியாது.

இப்போது 'வெள்ளை ஈ' என்றதும் பலருக்குத் தென்னை நினைவுக்கு வரும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கத்தில் தோன்றிப் பின்னர்ப் பரவிய சுருள் வெள்ளை ஈ, தென்னை ஓலையின் அடியில் வெள்ளைச் சுருளாக முட்டையிட்டு, கீழேயுள்ள இலைகளைக் கரும்பூசணத்தால் கறுக்கச் செய்கிறது. அது வேறு இனம். வெண்டைக்கு மஞ்சள் நோயைக் கொண்டுவருவது அதுவன்று. தென்னையில் அதைக் கட்டுப்படுத்துவதும் பெரும்பாலும் ஒரு சிறு குளவியே. விஷ மருந்து அடித்தால் அக்குளவியும் போகும்.

பெற்றோர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. மஞ்சள் வெண்டைக்காயைத் தின்னலாமா? தின்னலாம். தாவர வைரஸ் மனிதரைத் தொற்றாது. நார் அதிகம், சுவை குறைவு, அவ்வளவுதான். குழம்பில் போட்டால் நன்றாகவே வேகும். அஞ்ச வேண்டியது காயின் நிறத்துக்கன்று, அதன் மீது அடித்த மருந்துக்கு. ஓடும் தண்ணீரில் நன்கு கழுவித் துடைத்து நறுக்குங்கள். சாறாகச் செடிக்குள் ஊடுருவும் மருந்து கழுவினால் போகாது என்பதையும் அறிந்திருங்கள்.

இலையைப் பார்த்து நோயா, சத்துக் குறைவா என்று ஐயம் எழுந்தால், செருமாவிலங்கையில் 1987-இல் தொடங்கப்பட்ட பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரியிலோ, மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டிக் கேட்கலாம். ஒரே ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு போகாமல், நோய் தொடங்கிய இலை, முற்றிய இலை, நல்ல செடியின் இலை மூன்றையும் செய்தித்தாளில் தனித்தனியே மடித்து எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பேருந்து போய்ச் சேர்வதற்குள் வியர்த்து அழுகத் தொடங்கிவிடும். விதைத்த தேதியையும் எத்தனை செடி மஞ்சளாயிற்று என்பதையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால் அவர்கள் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை கையிலேயே இருக்கும்.